பண்டிகை அவர்களுக்கும் உண்டு

பொங்கலன்றும் தீபாவளியன்றும் ஜவுளிக்கடை திறந்திருக்க வேண்டுமா? கூடாது என்பேன். தீபாவளிக்கு முந்தைய இரவு வரை தி.நகர் ரங்கநாதன் தெருவில் நின்றபடி புடவை விரித்துக் காட்டிய விற்பனைப் பெண்ணுக்கும் ஊரில் ஒரு வீடு காத்திருக்கிறது. தமிழ்நாட்டின் 1958-ஆம் ஆண்டுச் சட்டம் குடியரசு நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி ஜெயந்தியோடு ஐந்து பண்டிகை நாள்களையும் சம்பளத்துடன் தருகிறது. அன்று வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம், அல்லது சம்பளத்தோடு மாற்று விடுப்பு. 2019-இல் பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை பார்க்கும் கடைகள் 365 நாளும் திறக்கலாம் என்று அரசு அனுமதித்தது. அது கடைக்குத் தந்த அனுமதி, ஊழியரின் விடுமுறையைப் பறிக்கும் உரிமை அல்ல. மருத்துவமனை, மருந்துக்கடை, பால், பேருந்து நிற்க முடியாது; அங்கே உழைப்போருக்குச் சட்டம் சொன்னது தவறாமல் சேரட்டும். புடவையும் நகையும் ஒரு நாள் பொறுக்கும். “விரும்பித்தானே வருகிறார்கள்” என்கிறார்கள். வேலை போய்விடுமோ என்று அஞ்சுகிறவரின் தலையசைப்பு விருப்பம் ஆகாது. எதிர்க்கடை திறந்தால் தானும் திறந்தாக வேண்டும் என்ற நெருக்கடி முதலாளிக்கும் உண்டு. எல்லாக் கடைகளும் சேர்ந்து மூடினால் அந்தப் போட்டியே இல்லை. அதற்கான ஆணையை அரசு பிறப்பிக்க வேண்டும். நாமும் முன்கூட்டியே வாங்கி முடிப்போம்.