கமாவை நம்பிப் பெயர்களை ஒப்படைக்காதீர்கள்

கார்த்திகை தீபத்துக்கு முந்தைய வாரங்களில் திருவண்ணாமலை அச்சகங்களுக்குத் தூக்கம் கிடையாது. அன்னதான நோட்டீஸ், பந்தல் பேனர், உபயதாரர் பட்டியல், நன்கொடை ரசீது என்று வேலை வந்துகொண்டே இருக்கும். நான் இந்த ஊரில் சிறிய கணினிப் பயிற்சி மையம் நடத்துகிறேன். அச்சகங்களுக்கும் கடைகளுக்கும் பைத்தானில் நிரல் எழுதித் தருவதும் உண்டு. அப்படிப் போன ஓர் அச்சகத்தில், வெளியூரில் வாங்கிய ஒரு மென்பொருள் தயாரித்த புரூஃப் என் கைக்கு வந்தது. 14ஆவது உபயதாரர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர். அவருக்குக் கீழே 15ஆவது உபயதாரராக ‘எம்.ஏ.’ நின்றது. 16ஆவது ‘பி.எட்.’. அவர் கொடுத்த 1,001 ரூபாயும் இரண்டாக உடைந்து, ‘1’ ஒரு வரியிலும் ‘001’ அடுத்த வரியிலும் விழுந்திருந்தது.

காரணம் எளிது. அந்த மென்பொருள் எல்லாப் பெயர்களையும் ஒரே வரியாக, இடையில் கமா போட்டுக் கேட்கிறது. பிறகு கமா கண்ட இடத்திலெல்லாம் வெட்டுகிறது. நம் பெயர்களோ கமாவோடுதான் வாழ்கின்றன. தமிழ்நாட்டில் எந்தக் கல்யாணப் பத்திரிகையையும் எடுத்துப் பாருங்கள்: பெயருக்கும் பட்டத்துக்கும் நடுவே கமா, பட்டத்துக்கும் பட்டத்துக்கும் நடுவே கமா, கதவு எண்ணுக்குப் பின் கமா. ரசீதை எடுத்தால் ஆயிரத்துக்கும் லட்சத்துக்கும் கமா. படித்து வாங்கிய பட்டத்தைப் பெயரோடு அச்சில் பார்ப்பது நம் வீடுகளில் சின்ன விஷயமல்ல. அதைத் தனி ஆளாக்கிவிடும் நிரல், எந்த மக்களுக்காக எழுதப்பட்டதோ அவர்களை அறியாமல் எழுதப்பட்டது.

இதை அச்சுப் பிழை என்று விட்டுவிட முடியாது. ஒரு நிரல் பல மதிப்புகளை எப்படி வாங்கிக்கொள்ள வேண்டும் என்ற வடிவமைப்புக் கேள்வி இது. என் நிலைப்பாடு இதுதான்: எண்களும் குறியீடுகளும் கமாவால் பிரிந்து வரட்டும்; மனிதர் எழுதும் பெயர், முகவரி, தொகை போன்றவற்றை நிரல் ஒவ்வொன்றாகத் தனியே வாங்க வேண்டும்.

இந்தக் கேள்வியைக் கட்டளை வரியில் வைத்துப் பார்ப்போம். கட்டளை வரி என்பது, மவுஸைத் தொடாமல் எழுத்தால் நிரலை இயக்கும் இடம். சர்வர்களைப் பராமரிப்பவர்கள் இன்றும் பெரும்பாலும் அங்கேதான் வேலை செய்கிறார்கள். நிரலின் பெயரை அடித்து, பின்னால் விவரங்களைக் கொடுப்போம். இந்த விவரம் எதற்கானது என்று முன்னால் நின்று சொல்வதுதான் ஃபிளாக். பைத்தான் 3இல் ஃபிளாக்கின் பெயரைத் தமிழிலேயே வைக்கலாம். பெயர்களைக் கொடுக்க இரண்டு வழிகளைப் பாருங்கள்:

அச்சிடு --பெயர் "அருணாசலம், எம்.ஏ., பி.எட்.,அண்ணாமலை,உண்ணாமலை"

அச்சிடு --பெயர் "அருணாசலம், எம்.ஏ., பி.எட்." --பெயர் "அண்ணாமலை" --பெயர் "உண்ணாமலை"

முதல் வரியில் எத்தனை பேர் என்று எந்த நிரலாலும் உறுதியாகச் சொல்ல முடியாது. இரண்டாவது வரியில் சந்தேகத்துக்கே இடமில்லை: ஃபிளாக் மூன்று முறை வந்திருக்கிறது, ஆட்கள் மூன்று பேர். இதற்குக் கூடுதல் தொழில்நுட்பம் எதுவும் வேண்டாம். 1969இல் பெல் ஆய்வகத்தில் தொடங்கிய யூனிக்ஸின் வழிவந்த இயங்குதளங்களும் சி மொழியும் நிரலுக்கு விவரங்களைத் தருவதே ஒரு பட்டியலாகத்தான். நாம் அடித்த ஒவ்வொரு விவரமும் தனித்தனித் துண்டாக நிரலின் கையில் போய்ச் சேருகிறது. தனித்தனியாகக் கொடுக்க வழி இருக்கும்போது, எல்லாவற்றையும் ஒன்றாக ஒட்டி வாங்கி, மறுபடி எங்கே வெட்டுவது என்று ஊகிப்பது வீண் வேலை.

கமா முறைக்கும் மரியாதையான பரம்பரை உண்டு. யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் தர ஆவணத்தின் எட்டாவது வழிகாட்டி, ஒரே ஃபிளாக்குக்குப் பல மதிப்புகள் இருந்தால் கமாவோ இடைவெளியோ இட்டு ஒரே விவரமாகத் தர வேண்டும் என்கிறது. நாம் எல்லோரும் பழகியதும் அதுதான். பிரிண்ட் கொடுக்கும்போது பக்கங்களுக்கான கட்டத்தில் ‘1,3,5-8’ என்று அடிக்கிறோம். அங்கே கமா ஒருநாளும் காலை வாரியதில்லை, ஏனென்றால் பக்க எண்ணுக்குள் கமா வராது. பழைய துண்டறிக்கைகளை ஸ்கேன் செய்து எழுத்தாக்க நான் பயன்படுத்தும் டெசராக்ட் மென்பொருளும் மொழிகளை ஒரே விவரமாகத்தான் வாங்குகிறது. தமிழும் ஆங்கிலமும் கலந்த பக்கம் என்றால் ‘டாம்’, ‘எங்’ என்ற இரண்டு குறியீடுகளுக்கு நடுவே கூட்டல் குறி போட வேண்டும். மொழிக் குறியீட்டுக்குள் கூட்டல் குறி வராது என்பதால் அதுவும் பாதுகாப்பானது.

பிரிக்கும் குறி மதிப்புக்குள் வந்துவிட்டால்தான் சிக்கல். யூனிக்ஸில் நிரல்களைத் தேடும் கோப்புறைகளின் பட்டியலை முக்காற்புள்ளியால் பிரிப்பார்கள். விண்டோஸில் டிரைவ் எழுத்துக்குப் பின்னாலேயே முக்காற்புள்ளி வந்துவிடுவதால் அங்கே அரைப்புள்ளிக்கு மாற வேண்டியிருந்தது. தரவுக்குள் என்ன வரும் என்று பார்த்துத்தான் குறியைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் இல்லை.

கமா உள்ள மதிப்பை மேற்கோள் குறிக்குள் வைத்தால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். கோப்பில் அது சரி. கட்டளை வரியில், நாம் போடும் மேற்கோள் குறியை, கட்டளையைப் படித்து நிரலை இயக்கும் ஷெல் முதலிலேயே எடுத்துவிடும். நிரலுக்கு அது போய்ச் சேராது. எனவே மேற்கோளுக்குள் இன்னொரு மேற்கோள் வேண்டும். கோ மொழியில் பலரும் பயன்படுத்தும் பிஃபிளாக் நூலகத்தில் கமாவில் வெட்டும் வகை ஒன்று, வெட்டாத வகை ஒன்று என இரண்டும் உண்டு. நிரலை எழுதியவர் எதைத் தேர்ந்தெடுத்தார் என்பது இயக்குபவருக்குத் தெரியாது. சர்வர் உலகில் புழங்கும் ஹெல்ம் கருவியிலோ, மதிப்புக்குள் வரும் ஒவ்வொரு கமாவுக்கும் முன்னால் பின்சாய்கோடு போட வேண்டும். இந்தச் சுமையெல்லாம் கடைசியில் யார் தலையில் விழுகிறது? தேரடி வீதியில் ராத்திரி பத்து மணிக்கு டி.டி.பி. செய்துகொண்டிருக்கும் பெண்ணின் தலையில். நிரல் எழுதுபவர் ஒருமுறை செய்ய வேண்டிய வேலையை, இயக்குபவர் ஒவ்வொரு முறையும் செய்வது நியாயமல்ல.

ஃபிளாக்கைத் திரும்பத் திரும்பக் கொடுக்க வைப்பவர்களும் மூன்று விஷயங்களில் கவனமாக இருக்க வேண்டும். முதலாவது, எதையும் சத்தமில்லாமல் தொலைக்கக் கூடாது. கட்டளை வரி விவரங்களை வாங்கப் பைத்தானோடு வரும் ஆர்க்பார்ஸில் ஒரு ஃபிளாக்கை இயல்பான முறையில் அமைத்துவிட்டு, அதை மூன்று முறை கொடுத்தால் கடைசி மதிப்பு மட்டும் மிஞ்சும். முதல் இரண்டும் போன சுவடே தெரியாது. மூன்றையும் சேர்க்க ‘அப்பெண்ட்’ என்று சொல்லியாக வேண்டும். ஒரே மதிப்புதான் வேண்டும் என்றால், இரண்டாவது வரும்போது நிரல் நின்று பிழை காட்ட வேண்டும். ஒரே ஃபிளாக்குக்குப் பின்னால் எத்தனை மதிப்பு வேண்டுமானாலும் வரட்டும் என்று விடும் வழியும் ஆர்க்பார்ஸில் இருக்கிறது. அதில் பெயர்களுக்கு அடுத்து வரும் கோப்பின் பெயரையும் இன்னோர் ஆளாக எண்ணிச் சேர்த்துக்கொள்ளும் ஆபத்து உண்டு.

இரண்டாவது, வரிசை. போசிக்ஸின் பதினோராவது வழிகாட்டி, ஒரே ஃபிளாக் மீண்டும் மீண்டும் வந்தால் கொடுத்த வரிசையிலேயே எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிறது. கிரிவலப் பாதையின் எட்டு லிங்கங்களை இந்திரலிங்கத்தில் தொடங்கி ஈசான்யலிங்கம் வரை வரிசை மாறாமல் சொல்லும் ஊர் இது. உபயதாரர் பட்டியலில் யார் பெயருக்குப் பின் யார் பெயர் என்பது பேசி முடிவு செய்த விஷயம். அகர வரிசைக்கு மாற்றும் உரிமையை நிரலுக்கு யாரும் கொடுக்கவில்லை.

மூன்றாவது, ஒரே மாதிரி இருக்கும் இரண்டு மதிப்புகள். திரும்ப வந்த பெயரை நீக்குவது சுத்தப்படுத்தும் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். பைத்தானின் ‘செட்’டில் போட்டால் நொடியில் நீங்கிவிடும், கூடவே வரிசையும் போய்விடும். திருவண்ணாமலையில் ஒரே தெருவில் ஒரே இனிஷியலோடு இரண்டு அண்ணாமலைகள் இருப்பது வெகு சாதாரணம். ஒருவரை நீக்கினால் அவர் கொடுத்த உபயமும் சேர்ந்து மறைகிறது. சந்தேகம் இருந்தால் நிரல் கேட்கட்டும், தானாக நீக்க வேண்டாம்.

பட்டியல் நீண்டுபோனால் ஃபிளாக்கும் தாங்காது. அச்சகங்களில் இருக்கும் விண்டோஸ் கட்டளைச் சாளரத்தில் ஒரு வரி 8,191 எழுத்துகளைத் தாண்ட முடியாது. வழக்கமான லினக்ஸில் ஒரு தனி விவரத்துக்கு 128 கிலோபைட்தான் எல்லை. யு.டி.எஃப். 8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட் எடுக்கிறது. ‘திருவண்ணாமலை’ என்ற ஒரு சொல்லே 36 பைட். எல்லாப் பெயரையும் ஒரே விவரமாக ஒட்டும் முறையில் இந்த எல்லை சீக்கிரம் முட்டும். சில நூறு பேர் என்றால் வரிக்கு ஒரு பெயராக ஒரு கோப்பில் எழுதி, அந்தக் கோப்பை மட்டும் நிரலுக்குக் காட்டுவதே நல்லது. கிரெப், டார் போன்ற பழைய கருவிகள் இப்படித்தான் கோப்பிலிருந்தும் பட்டியலை வாங்குகின்றன.

இதையெல்லாம் பொது நாளிதழில் எழுதக் காரணம், இது நம் பள்ளிக்கூடத்தில் தொடங்க வேண்டிய பழக்கம் என்பதுதான். 2019இல் வந்த புதிய பிளஸ் 2 கணினி அறிவியல் பாடநூல் பைத்தானைக் கொண்டுவந்தது. அதில், மதிப்புகளைக் கமாவால் பிரித்து வைக்கும் சி.எஸ்.வி. கோப்புகளுக்கு ஒரு பாடம் உண்டு. கமா உள்ள மதிப்பை இரட்டை மேற்கோளுக்குள் வைக்க வேண்டும் என்று அது சொல்லித்தருகிறது. அதற்கு அடுத்த பாடமே சி++ நிரலைப் பைத்தான் வழியாக இயக்குவது. அங்கே கட்டளை வரியில் வந்த விவரங்களை வாங்க ‘கெட்ஆப்ட்’ அறிமுகமாகிறது. செங்கத்திலிருந்தும் போளூரிலிருந்தும் என்னிடம் வரும் பிள்ளைகள் இரண்டையும் படித்துவிட்டுத்தான் வருகிறார்கள். ஆனால் ஒரே ஃபிளாக் இரண்டு முறை வந்தால் என்ன ஆகும் என்று கேட்டால் விழிக்கிறார்கள். கெட்ஆப்ட் தருவது ஃபிளாக்கும் மதிப்பும் சேர்ந்த ஜோடிகளின் பட்டியல். இரண்டு முறை கொடுத்தால் இரண்டு ஜோடிகள் வரிசையாக வரும். அவற்றைச் சேர்த்துவைக்கத் தேவையான ‘அப்பெண்ட்’ அதே புத்தகத்தில், லிஸ்ட் பாடத்தில் இருக்கிறது. அடிப்படை முழுவதும் மாணவர் கையில் இருந்தும், மூன்றையும் இணைக்கும் பயிற்சிக்கு யாரும் அவர்களை உட்கார வைப்பதில்லை.

ஆசிரியர்களிடம் என் கோரிக்கை, செய்முறை வகுப்பில் ஒரே ஒரு பயிற்சி சேர்த்துக்கொள்ளுங்கள். மாணவர் தன் வீட்டுப் பத்திரிகை ஒன்றிலுள்ள பெயர்களைப் பட்டங்களோடு கட்டளை வரியில் கொடுத்து, ஒன்றும் உடையாமல், வரிசை மாறாமல் திரும்ப அச்சிடட்டும். அச்சகம், லாட்ஜ், கூட்டுறவுச் சங்கம், அரசு அலுவலகம் என்று எங்கேயாவது மென்பொருள் வாங்கும் பொறுப்பில் இருப்பவர்கள், பணம் கொடுக்கும் முன் இரண்டு பட்டம் பெற்ற ஒருவரின் பெயரையும் 1,00,001 ரூபாய் என்ற தொகையையும் உள்ளே போட்டுப் பாருங்கள். உடைந்தால் திருப்பி அனுப்புங்கள். நிரல் எழுதும் தம்பி தங்கைகளே, பெயரைப் பெயராக, ஒவ்வொன்றாக வாங்குங்கள். அதற்கு உங்களுக்கு ஆகும் செலவு ஒரு வரி.