மலிவான சீலிங் யாருடைய செலவில்?

வீடு திருத்துவோர் பலரும் இன்று முதலில் கைவைக்க நினைப்பது சீலிங்கில்தான். பழைய அஸ்பெஸ்டஸ் தட்டுகளையும் அவற்றின் மூட்டுகளை மறைக்கும் மரச் சட்டங்களையும் கழற்றிவிட்டு, மூட்டே தெரியாத வழுவழுப்பான ஜிப்சம் போட் அடிக்க வேண்டும் என்பது அவர்களது விருப்பம். அதில் தவறில்லை. ஆனால் இரண்டு மூன்று பாஸ்மாரிடம் விலை கேட்டு, சதுர அடிக்குக் குறைந்த தொகை சொன்னவரிடம் வேலையை ஒப்படைக்கும்போது, அந்தத் தொகை எங்கே குறைந்தது என்று எம்மில் எத்தனை பேர் கேட்கிறோம்?

பெரும்பாலும் அது குறைவது பழையதைக் கழற்றும் வேலையில்தான். சுத்தியலால் அடித்து உடைத்தால் அரை நாளில் வேலை முடிந்துவிடும். ஆணியை மெதுவாகப் பிடுங்கி முழுத் தட்டாக இறக்குவதென்றால் கூலி கூடும்.

அஸ்பெஸ்டஸ் தட்டு உடையாமல் இருக்கும்வரை அதன் நார்கள் சீமெந்துக்குள் கட்டுண்டு கிடக்கும். உடைக்கும்போதும், அறுக்கும்போதும், துளையிடும்போதும், உரசும்போதும் கண்ணுக்குத் தெரியாத நார்கள் காற்றில் கலக்கின்றன. எல்லா வகை அஸ்பெஸ்டஸும் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. நோய் தலைகாட்டப் பல தசாப்தங்கள் செல்லலாம். அப்போது அந்த நாட்கூலித் தொழிலாளி எந்த வீட்டுத் தூசியைச் சுவாசித்தார் என்பதற்கு எந்தப் பதிவும் இருக்காது. நாம் மிச்சம் பிடித்த சில ஆயிரம் ரூபாவை அவரது நுரையீரல் செலுத்தியிருக்கும்.

இது எமக்கு மட்டுமான பிரச்சினையல்ல. அமெரிக்காவில் ஒரு காலத்தில் அஸ்பெஸ்டஸ் கலந்த சொரசொரப்பான பூச்சைச் சீலிங்கில் தெளித்தார்கள். 1978 இல் அது தடைசெய்யப்பட்டது. அத்தகைய பழைய வீடுகளில் சீலிங்கைச் சுரண்டி வழுவழுப்பாக்கும் முன் ஒரு துண்டை ஆய்வுகூடத்தில் பரிசோதிக்கும்படி இன்றும் ஆலோசனை கூறப்படுகிறது.

இங்கோ நீல அஸ்பெஸ்டஸ் 1987 இல் தடைசெய்யப்பட்டது. வெள்ளை அஸ்பெஸ்டஸையும் 2018 முதல் நிறுத்துவதாக அறிவிக்கப்பட்டது. 2017 டிசம்பரில் எமது தேயிலையில் வண்டு கண்டதாகக் கூறி ரஷ்யா இறக்குமதியை இடைநிறுத்தியது. அந்நாடு அஸ்பெஸ்டஸை ஏற்றுமதி செய்யும் நாடும் கூட. அதையடுத்து அஸ்பெஸ்டஸ் தடையை இலங்கை தளர்த்தியது. வர்த்தக நிர்ப்பந்தத்தில் அரசாங்கமே பின்வாங்கும்போது, வீட்டுக்காரர் தன் வீட்டுக்குத் தானே சட்டம் வகுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

முதலில் கூரை ஒழுக்கைத் திருத்துங்கள். ஈரம்பட்டால் ஜிப்சம் நிலைக்காது. பழைய தட்டு உறுதியாக இருந்து, அறையில் உயரமும் இருந்தால், அதைத் தொடாமல் கீழே தனிச் சட்டகம் அமைத்துப் புதிய போட் அடிக்கலாம். கழற்றத்தான் வேண்டுமென்றால் நீர் தெளித்து நனைத்து, முழுத் தட்டாக இறக்கி, தடித்த பொலித்தீனில் சுற்றச் சொல்லுங்கள். தூசியைத் துடைப்பத்தால் கூட்டாமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். மூக்கில் கைக்குட்டை கட்டுவது போதாது. நுண்தூசியை வடிகட்டும் முகக்கவசம் அவசியம். இவற்றுக்கான செலவை மதிப்பீட்டில் தனி வரியாக எழுதிக் கேளுங்கள். அந்த வரி இல்லாத மதிப்பீட்டை மலிவு என்று எண்ணாதீர்கள்.

ஹாட்வெயார் வியாபாரத்தில் எம்மவர்கள் பலர் இருக்கிறார்கள். ஜிப்சம் போட் வாங்க வருபவரிடம் "பழைய சீலிங்கை என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று கேட்பதற்கு முதலீடு எதுவும் தேவையில்லை. அந்த ஒரு கேள்வி கடைக்கு நல்ல பெயரைத் தேடித் தரும். ஒரு தொழிலாளியின் உயிரையும் காக்கக்கூடும்.