பதினைந்து வயதில் ஏன் இசையை நிறுத்துகிறோம்?

டூட்டிங்கில் சனிக்கிழமைகளில் நடைபெறும் தமிழ் வகுப்பொன்றில் தொண்டராக உதவி வருகிறேன். ஒவ்வோர் ஆண்டும் செப்டெம்பர் மாதம் பிறந்ததும் பெற்றோர் சிலரிடமிருந்து ஒரே செய்தி வரும். "அண்ணை, இந்த வருசம் மகனுக்கு ஜி.சி.எஸ்.இ. சோதனை. மிருதங்கத்தை நிப்பாட்டிப்போட்டம்." சிலர் இதைக் கவலையோடு சொல்வர். பலர் ஒரு சுமை இறங்கியது போலச் சொல்வர். அருகில் நிற்கும் பிள்ளையின் முகத்தை எவரும் பார்ப்பதில்லை. நானும் பார்த்ததில்லை. எனது வீட்டிலும் இதே முடிவை எடுத்தவன் என்பதாலேயே இதனை எழுதுகிறேன்.

எமது பிள்ளைகள் தமிழ்ச் சூழலில்தானே வளர்கிறார்கள் என்று நாம் ஆறுதல் கொள்கிறோம். அப்பர் டூட்டிங் வீதியில் முத்துமாரி அம்மன் ஆலயம் இருக்கிறது. தோசைக் கடைகளும் மரக்கறிக் கடைகளும் நகைக் கடைகளும் இருக்கின்றன. ஆனால் பாடசாலை வாசலைத் தாண்டியதும் அந்தப் பிள்ளை தனியாகவே நிற்கிறது. "நீ எந்த ஊர்?" என்ற கேள்விக்கு அது தானே விடை தேட வேண்டும். தமிழ் முழுமையாக வாய்க்கவில்லை. ஆங்கிலமோ எல்லோருக்கும் பொதுவானது. பதின்ம வயதில் தன்னை இன்னார் என்று சொல்லப் பிள்ளைக்குச் சொந்தமாக ஒரு மொழி தேவைப்படுகிறது. பல பிள்ளைகளுக்கு அது இசையாக அமைகிறது.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டைத் தேடித் தொலைவு செல்லத் தேவையில்லை. டூட்டிங்கின் தெற்கு எல்லையில் மிட்சம் இருக்கிறது. அங்குள்ள பிப்ஸ் பிரிட்ஜ் குடியிருப்பில் 1986 ஆம் ஆண்டளவில் ஓர் ஈழத்து அகதிக் குடும்பம் குடியேறியது. யாழ்ப்பாணத்திலும் சிறிது காலம் சென்னையிலும் வாழ்ந்துவிட்டு வந்த தாயும் மூன்று பிள்ளைகளும். அவர்களுள் ஒருவர் மாதங்கி அருள்பிரகாசம். 1975 இல் இலண்டன் ஹவுன்ஸ்லோவில் பிறந்து, ஆறு மாதக் குழந்தையாக இலங்கைக்குக் கொண்டு செல்லப்பட்டவர். திரும்பி வந்தபோது ஆங்கிலம் தெரியாது. அந்தக் குடியிருப்பில் அப்போது இரண்டே ஆசியக் குடும்பங்கள்தான் இருந்தன என்றும் இனவெறி கடுமையாக இருந்தது என்றும் அவர் பின்னர் நேர்காணல்களில் கூறியிருக்கிறார். வீட்டில் திருட்டுப் போனபின், இரவில் அண்டை வீட்டிலிருந்து கேட்ட இசையே அவருக்குத் துணையாயிற்று. அது கறுப்பின இளைஞர்களின் ராப் இசை. சொற்கள் முழுதாக விளங்காவிட்டாலும், ஒதுக்கப்பட்டோர் தலை நிமிர்ந்து பேசுகிறார்கள் என்பது அச்சிறுமிக்கு விளங்கியது.

அவரே பிற்காலத்தில் எம்.ஐ.ஏ. என்ற பெயரில் உலகறிந்த கலைஞரானார். 2005 இல் வந்த முதல் இசைத்தொகுப்புக்குத் தந்தையின் பெயரை ஒட்டி 'அருளர்' என்றும், 2007 இல் வந்த இரண்டாவது தொகுப்புக்குத் தாயின் பெயரான 'கலா' என்றும் பெயரிட்டார். 2009 இல், ஏ.ஆர். ரகுமானுடன் இணைந்து உருவாக்கிய 'ஸ்லம்டாக் மில்லியனர்' திரைப்படப் பாடலுக்காக ஒஸ்கார் விருதுக்கும், 'பேப்பர் பிளேன்ஸ்' பாடலுக்காகக் கிராமி விருதுக்கும் பரிந்துரைக்கப்பட்டார். 2019 இல் பிரித்தானிய அரசின் எம்.பி.ஈ. விருது அறிவிக்கப்பட்டபோது, அத்தகைய பதக்கங்களைக் கையால் தைக்கும் தொழிலையே தம் தாயார் நீண்ட காலம் செய்து வந்தார் என்று அவர் தெரிவித்தார். அகதியாக வந்து ஊசியும் நூலும் கொண்டு பிள்ளைகளை வளர்த்த எத்தனையோ எம் தாய்மாரை அச்செய்தி நினைவூட்டியது.

அவருடைய கருத்துகள் அனைத்தையும் நாம் ஏற்க வேண்டும் என்பதில்லை. உங்கள் பிள்ளையும் ஒஸ்கார் மேடை ஏறும் என்று ஆசை காட்டுவதும் எனது நோக்கமன்று. நான் சுட்ட விரும்புபவை இரண்டு.

முதலாவது, பதின்ம வயதில் அவர் ஓர் இசைத்தட்டும் வெளியிடவில்லை. சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கல்லூரியில் கலையும் திரைப்படமும் பயின்றார். முதல் தொகுப்பு வந்தபோது அவருக்கு வயது 29. ஆகவே அந்த வயதில் கேட்ட இசை அவருக்கு உடனடிச் சான்றிதழோ வருமானமோ தரவில்லை. தான் யார் என்று கூச்சமின்றிச் சொல்லும் துணிவுக்கே அது வித்திட்டது.

இரண்டாவது, அண்டை வீட்டு இசை அவரைத் தமிழிலிருந்து பிரித்துவிடவில்லை. 'கலா' தொகுப்புக்காக அவர் தமிழ்நாட்டுக்குச் சென்று உறுமி மேளக் கலைஞர்களின் வாசிப்பைப் பதிவு செய்தார். எமது அரங்கேற்ற மேடைகளில் நாம் ஒருபோதும் ஏற்றாத உறுமி, அவ்வழியே உலக இளைஞர்களின் காதுகளுக்குச் சென்றது.

இத்தகைய துணிவு தனிமையில்தான் பிறக்க வேண்டும் என்பதுமில்லை. 1993 இல் இலண்டனில் 'கொம்யூனிட்டி மியூசிக்' என்ற அமைப்பின் பயிற்சி வகுப்பில் 'ஏசியன் டப் பவுண்டேசன்' என்ற குழு உருவானது. அங்கு கற்பித்த அனிருத்த தாஸ், உதவியாளர் ஜோன் பண்டிட், பதின்ம வயது வங்காள மாணவர் டீடர் சமான் ஆகிய மூவரும் ஒரே குழுவாயினர். 1998 இல் அவர்களின் தொகுப்பு மெர்க்குரி பரிசுக்கான பட்டியலில் இடம்பெற்றது. ஆசிரியர் மாணவனுக்குப் பாடம் சொன்னதோடு நில்லாமல், அவனுடைய சொல்லுக்குத் தாளமும் போட்டார். எமது வகுப்புகளில் இது எத்தனை முறை நடந்திருக்கிறது?

நாம் இசையை எப்படி அணுகுகிறோம்? ஐந்து வயதில் வகுப்பு, பிறகு தரப் பரீட்சைகள், மண்டபம் எடுத்து அரங்கேற்றம், அத்துடன் முற்றுப்புள்ளி. தரம் ஆறு முதல் எட்டு வரையான சில சான்றிதழ்களுக்குப் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் புள்ளிகள் உண்டு என்று அறிந்தால் இன்னும் ஓராண்டு நீட்டுகிறோம். பிள்ளை எதை வாசிக்க விரும்புகிறது என்று கேட்பதில்லை.

எனது மகள் எட்டு ஆண்டுகள் வயலின் பயின்றாள். பத்தாம் வகுப்பில் நான்தான் நிறுத்தினேன். அவள் எதிர்த்துப் பேசவில்லை. ஆனால் மெல்ல மெல்ல வீட்டில் பேச்சே குறைந்தது. தமிழ் வகுப்புக்கும் வரமாட்டேன் என்றாள். பருவ வயது, சரியாகிவிடும் என்று எண்ணினேன். ஒரு நாள் அவளுடைய மடிக்கணினி மெதுவாக இயங்குகிறது என்று என்னிடம் தந்தாள். கணினி என் தொழில் அல்லவா? வன்தட்டு நிரம்பிவிட்டது. நிரப்பியவை நூற்றுக்கணக்கான ஒலிக்கோப்புகள். தன் வயலின், அதற்கு ஒரு இலவச மென்பொருளில் அவளே அமைத்த தாளம், நடுவே தொலைபேசியில் பதிவு செய்த என் தாயாரின் தாலாட்டு. யாழ்ப்பாணத்திலிருந்து அப்பம்மா பாடியது. அவர் பாடுவார் என்பதே எனக்கு மறந்து போயிருந்தது.

"இதெல்லாம் எப்ப செய்தனீ?" என்று கேட்டேன்.

"நீங்கள் வகுப்பைத்தானே அப்பா நிப்பாட்டச் சொன்னனீங்கள்" என்றாள்.

அன்றிரவு அப்பாடலில் வரும் சில சொற்களுக்குப் பொருள் கேட்டாள். இரண்டு எனக்கே தெரியவில்லை. அப்பம்மாவுக்கு அழைப்பெடுத்தோம். தமிழ் வகுப்பால் முடியாததை அத்தாலாட்டு செய்தது.

பரீட்சை முக்கியம் என்பதை மறுக்கவில்லை. நானும் பொறியியல் படித்ததால்தான் இந்நாட்டில் காலூன்றினேன். ஆனால் வாரத்தில் ஒரு மணி நேர இசை ஒரு பாடத்தைக் கெடுத்ததாக நான் கண்டதில்லை. அதை நிறுத்தியதால் வாடிய பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். ராப் பாடல்களில் தகாத சொற்கள் வருகின்றன என்ற அச்சமும் நியாயமானதே. அதற்குத் தடை மருந்தாகாது. பிள்ளையுடன் அமர்ந்து கேட்டு, பிடித்ததையும் பிடிக்காததையும் பேசலாம்.

பெற்றோரிடம் மூன்று வேண்டுகோள்கள். ஒன்று, இசையை நிறுத்துமுன் பிள்ளையிடம் கேளுங்கள். இரண்டு, பாடசாலை இசை ஆசிரியரைச் சந்தியுங்கள். ஜி.சி.எஸ்.இ. இசைப் பாடத்தில் 60 விழுக்காடு மதிப்பெண் வாசிப்புக்கும் இசையாக்கத்துக்கும் உரியது. பிள்ளை கற்ற மிருதங்கமோ வீணையோ அங்கே பயன்படுமா என்று விசாரியுங்கள். மூன்று, எமது விழாக்களில் அரை மணி நேரத்தை இளையோரின் சொந்த ஆக்கங்களுக்கு ஒதுக்குங்கள். பிழை வரட்டும், தாளம் தவறட்டும். பரிசும் வேண்டாம், நடுவரும் வேண்டாம்.

இளையோரே, உங்களிடம் ஒன்று. உங்கள் காதணிக்கருவியில் ஒலிப்பதை ஒருநாள் வீட்டில் சத்தமாக ஒலிக்க விடுங்கள். எமக்கு விளங்காமல் போகலாம். விளக்கிச் சொல்லுங்கள். மிட்சத்துச் சிறுமிக்கு அண்டை வீட்டு இசை துணை நின்றது. உங்கள் இசையைக் கேட்க, அதே வீட்டில் இருக்கும் நாங்கள் இனியேனும் கற்றுக்கொள்கிறோம்.