பட்டா நம்ம பேரில், நிலம் யார் கையில்?



உயர்மின் கோபுரம் நட வர்றவங்க எல்லா ஊரிலும் சொல்வது ஒன்றுதான்: "உங்க நிலத்தை நாங்க எடுக்கலீங்க, மேல கம்பிதான் போகுது." எடுக்கவில்லை என்று சொல்லிவிட்டால் நிலத்துக்கு விலையும் தர வேண்டியதில்லை. சூது இருப்பது இங்கேதான்.

2013 நிலம் எடுப்புச் சட்டப்படி கிராமத்து நிலத்துக்குச் சந்தை மதிப்பைப் போல இரண்டு முதல் நான்கு மடங்கு வரை தர வேண்டும். நிலத்தை நம்பிப் பிழைக்கும் குத்தகைதாரர், விவசாயக் கூலிகள், வன உரிமை இழக்கும் ஆதிவாசிகள் ஆகியோரையும் பாதிக்கப்பட்ட குடும்பமாக அச்சட்டம் ஏற்கிறது. மின்பாதைக்கு இதெல்லாம் கிடையாது. 2003 மின்சாரச் சட்டத்தின் 164-வது பிரிவு வழியாக, வெள்ளைக்காரன் 1885-இல் போட்ட தந்திச் சட்டத்தைக் காட்டித்தான் தோட்டத்துக்குள் நுழையறாங்க. தந்திக் கம்பத்துக்குப் போட்ட சட்டம், 800 கிலோவோல்ட் டவருக்குப் பொருந்துமா?

கணக்குப் பாருங்க. ராய்கர்–புகளூர் போன்ற 800 கிலோவோல்ட் லைனுக்குப் பாதை அகலம் சுமார் 69 மீட்டர். நம்ம தோட்டத்தில் 100 மீட்டர் தூரம் போனாலே 1.7 ஏக்கர் சிக்கிக்கொள்ளும். அதில் தென்னை வைக்க முடியாது, வீடு கட்ட முடியாது. மத்திய மின்துறையின் 2015 வழிகாட்டுதலில் கம்பிக்கு அடியிலுள்ள நிலத்துக்கு அதிகபட்சம் 15 சதவீதம். ஏக்கர் 10 லட்சம் என்றால் கைக்கு வருவது ஒன்றரை லட்சம். இதை எதிர்த்துத்தான் 2018 டிசம்பரில் கொங்கு மாவட்ட விவசாயிகள் பட்டினி கிடந்து போராடினார்கள். 2024 ஜூனில் அது 30 சதவீதமாகவும், டவர் அடிமனைக்கு 85-லிருந்து 200 சதவீதமாகவும் உயர்ந்தது. அப்போதும் அது வழிகாட்டுதல்தான், சட்டம் அல்ல.

"நாட்டுக்குக் கரண்ட் வேண்டாமா?" என்று கேட்கிறார்கள். வேணுமுங்க. அதே புகளூரிலிருந்து திருச்சூர் போகும் லைன், கேரளாவில் வடக்கஞ்சேரி முதல் பூமிக்கடியில் கேபிளாகப் போகிறது. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது? செலவு அதிகம் என்கிறார்கள். அந்தச் செலவைத்தான் இன்று நம்ம தலையில் இறக்கி வைத்திருக்கிறார்கள்.

நம் கோரிக்கைகள்:

1. முடிந்த இடமெல்லாம் சாலையோரம் கேபிள் பதிக்க வேண்டும்.

2. முடியாத இடத்தில், 2013 சட்டத்தின் மதிப்பிலேயே இழப்பீடு தர வேண்டும்.

3. செல்போன் டவருக்குத் தருவது போல, மின்கோபுரத்துக்கும் கம்பிப் பாதைக்கும் வாடகை தர வேண்டும்.

4. குத்தகைதாரருக்கும் கூலிக்காரருக்கும் பங்கு வேண்டும்.

அதுவரை தனி ஆளாக எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதீங்க. கலெக்டர் உத்தரவின் நகலைக் கேளுங்க. மரம் வெட்டும் முன்பே எண்ணி, போட்டோ எடுத்து, வி.ஏ.ஓ.விடம் எழுதி வாங்குங்க. கொடுத்த தொகை போதாது என்றால் தந்திச் சட்டம் 16(3)-ன்படி மாவட்ட நீதிமன்றம் போகலாம்.

ஒருத்தர் தோட்டத்தில் அளவைக்கல் விழுந்தால் ஊரே அங்கே நிற்கட்டும். இன்று அவர் காடு, நாளை நம்ம காடு!