பூட்டு மாறலாம், பொறுப்பு மாறாது



சில ஆண்டுகளுக்கு முன்னர், பேருந்துக்காகக் காத்திருந்த வேளையில் வேர்க்கடலைப் பொட்டலம் ஒன்றை வாங்கினோம். கடலை தீர்ந்தபின் தாளைப் பிரித்துப் பார்த்தால், அஃது ஒரு பரிசோதனைச் சீட்டு! ஓர் இளம்பெண்ணின் பெயர், வயது, அவளுக்குற்ற நோய் ஆகிய யாவும் அதில் தெளிவாக எழுதப்பட்டிருந்தன. அப்பெண்ணோ அவளுடைய பெற்றோரோ இதனை அறியார். தாளைத் துண்டு துண்டாகக் கிழித்தெறிந்தோம். ஆயினும் நெஞ்சின் உறுத்தல் தீரவில்லை.

சென்ற மாதம் அந்நிகழ்ச்சி மீண்டும் நினைவுக்கு வந்தது. சிற்றூர் ஒன்றில் முப்பது ஆண்டுகளாக மருத்துவம் பார்த்துவரும் நண்பர் ஒருவரைக் காணச் சென்றிருந்தோம். அவரது அறையின் ஒரு சுவர் முழுவதும் நோயாளிகளின் அட்டைகள்; அவற்றுள் சிலவற்றைக் கரையான் அரித்திருந்தது. அவருடன் பணியாற்றும் மகள், இவற்றையெல்லாம் ‘கிளவுட்’ எனப்படும் மேகக் கணினிக்கு மாற்றிவிட வேண்டும் என்கிறாள். தந்தையோ தயங்குகிறார்.

“சுவாமி, மூன்று தலைமுறைக் குடும்பங்களின் இரகசியங்கள் இந்த அலமாரியில் இருக்கின்றன. முகந்தெரியாத எவரிடமோ இவற்றை ஒப்படைப்பது நியாயமாகுமா?” என்று கேட்டார்.

மகள் குறுக்கிட்டாள்: “போன வாரம் இரவில் வந்த பாட்டியை மறந்துவிட்டீர்களா, அப்பா? அவர்களுக்குப் பென்சிலின் ஒவ்வாது. அட்டை கிடைக்கவில்லை. கூட வந்த மகன் சொல்லியிராவிட்டால் என்ன ஆகியிருக்கும்?”

இருவர் சொல்லிலும் நியாயம் உண்டு. ஆகவே இதனைச் சற்று ஆராய்வோம்.

மேகக் கணினி என்பது வானத்தில் மிதப்பதன்று. மும்பை, சென்னை போன்ற மாநகரங்களில், இரவும் பகலும் மின்சாரமும் குளிரூட்டலும் தடையின்றிக் கிடைக்கும் பெருங்கட்டடங்களில் அடுக்கப்பட்டுள்ள கணினிகளே அவை. நகையை வீட்டில் வைக்காமல் வங்கிப் பெட்டகத்தில் வாடகைக்கு வைப்பது போன்றதே இந்த ஏற்பாடு. வெள்ளம், தீ, கரையான் ஆகியவற்றினின்று அது காக்கும். 2015 டிசம்பரில் சென்னையைச் சூழ்ந்த வெள்ளத்தைக் கண்டவர்களுக்கு இதன் அருமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

ஆனால் பெட்டகத்திற்கும் கள்ளர் உண்டு அன்றோ? பின்லாந்து நாட்டில் வஸ்தாமோ என்னும் மனநல சிகிச்சை நிறுவனத்தின் பதிவுகள் திருடு போயின. 2020 அக்டோபரில் இது வெளிப்பட்டது. நோயாளிகள் தங்கள் சிகிச்சையாளரிடம் மனந்திறந்து கூறியவற்றை வெளியிடப் போவதாக மிரட்டி, ஒவ்வொருவரிடமும் தனித்தனியே 200 யூரோ கேட்கப்பட்டது. பதிவுகளைத் தக்கவாறு பாதுகாக்கத் தவறியமைக்காக அந்நிறுவனத்திற்கு 2021-இல் அபராதம் விதிக்கப்பட்டது. குற்றவாளிக்கு 2024-இல் சிறைத்தண்டனை கிடைத்தது. ஆயினும் ஒருமுறை வெளிப்பட்ட இரகசியத்தை எந்த நீதிமன்றம் மீட்டுத் தரும்?

அப்படியாயின் நம் கணினியிலேயே வைத்துக்கொண்டால் ஆபத்தில்லையா? 2022 நவம்பரில் புதுதில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகளுக்குள் தீயோர் ஊடுருவி அவற்றை முடக்கினர். ஏறத்தாழ இரண்டு வாரங்கள் அங்கே பல பணிகள் காகிதத்தில் கைப்படவே நடைபெற்றன. ஆகவே இடத்தை விட, காக்கும் முறையே பெரிது என்பது தெளிவு.

நண்பரிடம் நாம் கூறியவற்றை இங்கும் தருகிறோம்.

முதலாவதாக, ஒப்பந்தத்தை ஊன்றிப் படிக்க வேண்டும். பதிவுகள் எங்கே வைக்கப்படும்? எவரெவர் அவற்றைக் காண இயலும்? நாளை நாம் விலகினால், நம் பதிவுகள் முழுவதையும் படிக்கத்தக்க வடிவில் திருப்பித் தருவார்களா? இவற்றிற்கு எழுத்தில் விடை தராதவரிடம் போக வேண்டா.

இரண்டாவதாக, மாற்றும்போது பிழை நேரக்கூடாது. ஓர் ஊரில் ஒரே பெயருள்ள மூவர் இருப்பர். ஒருவரது ஒவ்வாமை மற்றவர் கணக்கில் ஏறினால் திருட்டைவிடக் கொடிய தீங்கு நேரும். ஆகவே சிறிது சிறிதாக மாற்றி, ஒருவர் படிக்க மற்றவர் சரிபார்த்தல் நலம்.

மூன்றாவதாக, பணியாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கடவுச்சொல் வேண்டும். அதனை எழுதி மேசையில் ஒட்டி வைத்தல், வீட்டுச் சாவியை வாயிற்படியில் வைப்பதற்கு ஒப்பாகும். கைபேசிக்கு வரும் ஓ.டி.பி. எண்ணை இரண்டாம் பூட்டாகக் கொள்வது நன்று.

நான்காவதாக, பிரதி ஒன்று நம் கையிலும் இருக்கட்டும். மூன்று பிரதிகள், இருவகைச் சாதனங்கள், ஒன்று வேறிடத்தில் என்பது கணினி வல்லுநர் கூறும் விதி. அப்பிரதியை அவ்வப்போது திறந்து, சரியாக உள்ளதா எனச் சோதித்தலும் வேண்டும். இணையம் அறுந்துபோகும் நாளில் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

இறுதியாக, பழைய அட்டைகளை எடைக்குப் போடலாகாது. தம் முன்னிலையிலேயே அழித்துவிட வேண்டும். கடலைப் பொட்டலம் நமக்குக் கற்பித்த பாடம் இது.

2023-இல் நம் பாராளுமன்றம் இயற்றிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், பதிவுகளை வேறொருவரிடம் ஒப்படைத்தாலும் பொறுப்பு ஒப்படைத்தவருடையதே என்று கூறுகிறது. பூட்டு மாறலாம், பொறுப்பு மாறாது.

குடும்பத்தாராகிய நமக்கும் கடமை உண்டு. நம் பதிவுகள் எங்கே உள்ளன என்று மருத்துவரிடம் பணிவுடன் கேட்பது மரியாதைக் குறைவன்று. மருத்துவப் பதிவுகளின் பிரதியை நோயாளி கேட்டால் 72 மணி நேரத்திற்குள் தருதல் வேண்டும் என மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நெறிமுறை விதிக்கின்றது. ஆனால் பிறர் இரகசியம் காக்கவேண்டும் என்று வாதிடும் நாமே, மருமகளின் பரிசோதனை முடிவை வாட்ஸ்அப்பில் உறவினர் அனைவருக்கும் அனுப்புகின்றோமே, இது தகுமா?

நண்பர் இப்பொழுது பணியைத் தொடங்கிவிட்டார். மாலைதோறும் மகள் கணினியின்முன் அமர்கிறாள். தந்தை அட்டையைப் படிக்கிறார். நாளொன்றுக்கு இருபது அட்டைகள்தாம். முதலில் ஏற்றிய அட்டை எது தெரியுமா? தேடித்தேடிக் கடைசியில் அலமாரியின் பின்புறம் கண்டெடுத்த அந்தப் பாட்டியினுடையதே.