தலையாரியும் நானும் போட்ட கையெழுத்து

ஓசூர் வட்டத்தில் பதினேழு வருஷம் கிராம நிர்வாக அலுவலராக இருந்தேன். சிட்டா, அடங்கல், பட்டா மாறுதலோடு எங்கள் வேலை முடிந்தது என்று வெளியூரில் நினைப்பார்கள். கர்நாடக எல்லையை ஒட்டிய ஊர்களில் எங்களுக்கு இன்னொரு வேலையும் உண்டு. போலீஸ் கஞ்சா பிடித்தால், மகஜரில் சாட்சிக் கையெழுத்து போட எங்களைத்தான் கூப்பிடுவார்கள்.

ஒரு மார்கழி இரவு, பத்தரை மணி இருக்கும். ஸ்டேஷனிலிருந்து போன். "சார், தலையாரியையும் கூட்டிக்கிட்டு ஒரு நிமிஷம் வந்துட்டுப் போங்க." போனோம். சுவரோரம் ஒரு பையன் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். ஒடிசாக்காரன், சிப்காட்டில் காண்ட்ராக்ட் வேலை. மேஜைமேல் பழுப்பு டேப் சுற்றிய பொட்டலம். மகஜர் எழுதி முடிந்திருந்தது. மாலை ஐந்து மணிக்கு 'ரகசியத் தகவலின் பேரில்' போய், 'சந்தேகத்துக்கிடமாக நின்றிருந்த' அவனை எங்கள் இருவர் முன்னிலையில் சோதித்ததாக அதில் இருந்தது. ஐந்து மணிக்கு நான் தாலுகா ஆபீசில் மீட்டிங்கில் இருந்தேன். தலையாரி தன் மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தார்.

கையெழுத்து போட்டேன். அவரும் போட்டார்.

எடை 1 கிலோ 150 கிராம் என்று எழுதியிருந்தது. அந்த 150 கிராமுக்கு என்ன அர்த்தம் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் கஞ்சா ஒரு கிலோ வரை 'சிறிய அளவு'. தண்டனை அதிகபட்சம் ஓராண்டு. அதைத் தாண்டினால் பத்தாண்டு வரை போகும். 20 கிலோவைத் தாண்டினால் 'வணிக அளவு'. பத்தாண்டுக்குக் குறைந்த தண்டனையே கிடையாது, ஜாமீனும் குதிரைக்கொம்பு. பூ இல்லாமல் வெறும் இலையும் விதையுமாக இருந்தால் அது சட்டப்படி கஞ்சாவே ஆகாது. பொட்டலத்தைப் பிரித்து நிறுத்தார்களா, டேப்போடும் பையோடும் சேர்த்து நிறுத்தார்களா? உள்ளே பூ இருந்ததா, இலையும் தண்டும்தானா? நான் கேட்கவில்லை.

அந்த எடைக்கு ஜாமீன் கிடைக்கும்தான். ஆனால் சொத்து உள்ள உள்ளூர் ஆள் இரண்டு பேர் ஜாமீன்தாரராக வர வேண்டும். அப்படி வருகிறவர்கள் சொத்துச் சான்றுக்கு முதலில் என்னிடம்தான் வருவார்கள். அவனுக்காக ஒருவரும் வரவில்லை. பதினான்கு மாதம் உள்ளே இருந்தான்.

வழக்கு விசாரணைக்கு வந்தபோது வக்கீல் என்னிடம் ஒரே கேள்வி கேட்டார்: "சோதனையை நேரில் பார்த்தீர்களா?" பார்க்கவில்லை என்று சொன்னேன். என்னைப் பிறழ் சாட்சி என்றார்கள். அவன் விடுதலையானான். அவனிடம் நிஜமாகவே கஞ்சா இருந்ததா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. இருந்திருந்தால் அதை அவனுக்குக் கொடுத்தவன் தப்பினான். இல்லையென்றால் ஓர் ஏழைப் பிள்ளையின் பதினான்கு மாதத்தை என் பேனா தின்றது.

ஓய்வு பெற்ற பிறகுதான் அந்தச் சட்டத்தை வாங்கிப் படித்தேன். வாரண்ட் இல்லாமல் வீட்டுக்குள் நுழையவும் ஆளைச் சோதிக்கவும் கைது செய்யவும் அதிகாரிக்கு அது உரிமை தருகிறது. அதற்கு ஈடாக அது கேட்பது 'நம்புவதற்குக் காரணம்'. சந்தேகமும் காரணமும் ஒன்றில்லை. போதிய காரணம் இருந்தால் மட்டுமே, இல்லையேல் இல்லை என்று பழைய தண்டனைச் சட்டத்தின் 26-ஆவது பிரிவே இந்தச் சொல்லுக்கு விளக்கம் சொன்னது. 42-ஆவது பிரிவுப்படி, கிடைத்த தகவலை எழுதி வைக்க வேண்டும். 72 மணி நேரத்துக்குள் மேலதிகாரிக்கு நகல் அனுப்ப வேண்டும். இதை அடியோடு விட்டுவிடுவதை ஏற்க முடியாது என்று 2009-இல் கர்னெயில் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொன்னது. பொதுச் சாலையில் நின்றாலும் தனியார் ஜீப் பொது இடம் ஆகாது, அதற்கும் 42-ஆவது பிரிவு பொருந்தும் என்று 2021-இல் பூட்டா சிங் வழக்கில் தீர்ப்பு வந்தது. அந்தப் பிரிவைப் பின்பற்றாததால் குற்றம் சாட்டப்பட்டவர்கள் விடுதலையானார்கள்.

ஜூஜூவாடி சோதனைச்சாவடியிலிருந்து கிருஷ்ணகிரி டோல்கேட் வரை இந்த நெடுஞ்சாலையில் எத்தனை ஆயிரம் வண்டிகள் போகின்றன! ஷிப்ட் முடிகிற நேரத்தில் போய் நின்று பாருங்கள். யாரை ஓரம் கட்டுகிறார்கள்? கே.ஏ. நம்பர் பைக்கில் வரும் பையனை. தோளில் பை மாட்டிய, தமிழ் வராத தொழிலாளியை. முடி வளர்த்தவனை. தலைமுடியும் தாய்மொழியும் எப்போது காரணமாயின? ஓசூரில் பாதி வீடுகளில் தெலுங்கும் கன்னடமும்தான் பேசுகிறோம்.

உடலைச் சோதிக்கும் முன், 'கெசடட் அதிகாரியிடமோ மாஜிஸ்திரேட்டிடமோ கொண்டுபோகக் கேட்க உனக்கு உரிமை உண்டு' என்று அவனிடம் சொல்ல வேண்டும். அது 50-ஆவது பிரிவு. அப்படிச் சொல்வது கட்டாயம் என்று 1999-இலேயே பல்தேவ் சிங் வழக்கில் முடிவாகிவிட்டது. 'அந்த உரிமை வேண்டாம், போலீஸே சோதிக்கலாம்' என்று வாங்குகிற சம்மதக் கடிதங்களில் நான் பார்த்தவை எல்லாம் சுத்தத் தமிழில் இருந்தன. ஒடியா மட்டும் தெரிந்தவன் அதில் எதற்குச் சம்மதித்துக் கைநாட்டு வைத்தான்?

கஞ்சாவை நான் லேசாக எண்ணவில்லை. சிப்காட்டைச் சுற்றியுள்ள லைன் வீடுகளில் அது என்ன செய்கிறது என்று வாடகை வசூலிக்கும் எவரையும் கேளுங்கள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் கையில் அதைப் பார்த்திருக்கிறேன். அந்த ஆத்திரத்தோடுதான் சொல்கிறேன்: காரணத்தை எழுதாத ஒவ்வொரு சோதனையும் கடத்தல்காரனுக்கு நாமே கட்டித் தரும் விடுதலைத் தீர்ப்பு. நல்ல வக்கீல் வைக்கப் பணம் இருப்பவன் அந்த ஓட்டை வழியாகப் போய்விடுவான். காண்ட்ராக்ட் பையன் உள்ளே கிடப்பான்.

காரணம் இல்லாமல் சோதிக்கும் அதிகாரிக்கும் இதே சட்டத்தின் 58-ஆவது பிரிவில் தண்டனை இருக்கிறது. ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆயிரம் ரூபாய்! என் பணிக்காலத்தில் அந்தப் பிரிவில் ஒரு வழக்குகூட நான் பார்த்ததில்லை.

2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், சோதனையையும் பறிமுதல் பட்டியலில் சாட்சிகள் கையெழுத்திடுவதையும் வீடியோ எடுத்து, தாமதமின்றி மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்பச் சொல்கிறது, செல்போனிலேயே எடுக்கலாம். செல்போன் இல்லாத காவலர் இன்று யார்? மாவட்டக் காவல் நிர்வாகம் எல்லை ஸ்டேஷன்கள் அத்தனையிலும் இதை விலக்கில்லாமல் நடத்த வேண்டும். சம்மதக் கடிதத்தை இந்தி, ஒடியா, வங்காளம், கன்னடம், தெலுங்கில் அச்சிட்டு வைக்க வேண்டும். இரண்டுக்கும் பெரிய செலவில்லை.

இப்போது பணியில் இருக்கும் வி.ஏ.ஓ. தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும், அவர்களோடு போகும் தலையாரிகளுக்கும் ஒரு வார்த்தை. ராத்திரி பத்தரைக்குப் போன் வந்தால் போங்கள். மகஜர் ஏற்கெனவே எழுதியிருந்தால், எத்தனை மணிக்கு வந்தீர்கள், கண்ணால் எதைப் பார்த்தீர்கள் என்பதை மட்டும் உங்கள் கையாலேயே எழுதி, அதன் கீழே கையெழுத்து போடுங்கள்.