கண்ணாடிப் புழுதி

ஆரணியில் கடல் கிடையாது. கமண்டல நாகநதியில் வெள்ளம் வந்தால் அதைப் பார்ப்பதற்கென்றே ஊர் திரண்டு போகும். அப்படிப்பட்ட ஊரிலிருந்துகொண்டு படகைப் பற்றி எழுதுவானேன் என்று நேயர்கள் கேட்கலாம். காரணம் உண்டு. எங்கள் ஊரில் தறியும் அடுப்பும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. தொழில் வீட்டிலேயே நடக்கும்பொழுது தொழிலின் அழுக்கிலும் வீட்டார் அனைவருக்கும் பங்கு வந்துவிடுகிறது. கடற்கரைக் குப்பங்களில் வாசலிலேயே பைபர் படகைச் செப்பனிடும் குடும்பங்களின் நிலைமையும் இதுவேதான்.

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் தேதி சுனாமி வந்து கட்டுமரங்களையும் படகுகளையும் வாரிக்கொண்டு போயிற்று. பிறகு நிவாரணமாக வந்தவற்றில் மிகுதியானவை பைபர் படகுகளே. கட்டுமரத்தை உளியும் கயிறும் கொண்டு சரி செய்துகொள்ளலாம். பைபர் படகின் சமாசாரம் வேறு. மணலில் இழுத்து இழுத்து அதன் அடிப்பாகம் தேய்ந்து விரிசல் கண்டால், பழுதான பாகத்தை நீக்கிவிட்டுக் கண்ணாடி இழையாலான மேட்டை ரெசினில் தோய்த்து ஒட்ட வேண்டும். அது நன்றாகப் பற்றுவதற்கு, உடம்பின் கனத்தைப் போலச் சுமார் 12 மடங்கு அகலத்துக்குச் சுற்றிலும் சரிவாகத் தேய்க்க வேண்டும். 5 மில்லிமீட்டர் கனமென்றால் ஒவ்வொரு பக்கமும் 60 மில்லிமீட்டர்! ஒரு சாண் விரிசலுக்கு எவ்வளவு புழுதி கிளம்பும் என்பதைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

இந்தப் புழுதியில் இரண்டு சரக்கு கலந்திருக்கிறது. ஒன்று கண்ணாடி இழையின் துண்டு. தலைமயிரை விட மெல்லியதாயினும், நெஞ்சின் ஆழத்துக்கு எளிதில் போகாத அளவுக்கு அது தடிப்பானதுதான். தோலில் குத்தி அரிப்பு உண்டாக்கும். கண்ணையும் தொண்டையையும் உறுத்தும். இந்த வகை இழை புற்றுநோய் உண்டாக்குவதாக வகைப்படுத்தச் சான்று போதாது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2002-இல் வெளியிட்ட நூலில் கூறியிருக்கிறது. ஆகையால் வீண் பீதி வேண்டியதில்லை. மற்றொன்று, இறுகிய ரெசினும் கண்ணாடியும் மாவாக அரைபட்ட நுண்தூள். கண்ணுக்குத் தெரியாத இதுவே சுவாசப் பையின் அடிவரை இறங்குவது. அரிப்பைத் தருவது ஒன்று, அதிகமாய் அஞ்ச வேண்டியது வேறொன்று என்பதுதான் இதிலுள்ள சங்கடம். அரிப்பு நின்றதும் ஆபத்தும் நின்றதாக ஜனங்கள் எண்ணிவிடுகிறார்கள்.

காற்று அடித்துக்கொண்டு போய்விடும் என்பார்கள் சிலர். விடியற்காலையில் கரையிலிருந்து கடலுக்குக் காற்று வீசும்பொழுது அது ஓரளவு உண்மை. வெயில் ஏறியதும் கடற்காற்று திரும்புகிறதே! அப்பொழுது புழுதி முழுவதும் வீடுகளுக்குள் புகுகிறது. கடலுக்குப் போனால் மட்டும் தொலைந்ததா? இங்கிலாந்தில் சிச்செஸ்டர் துறைமுகத்துச் சிப்பிகளின் உடலுக்குள் கண்ணாடி இழைத் துண்டுகள் இருப்பதை 2024-இல் கண்டறிந்தார்கள். படகுகள் மிகுதியாய் நிற்கும் துறைமுகம் அது.

ஆகவே புழுதியைப் பிறந்த இடத்திலேயே பிடிப்பதுதான் வழி. கரும்பலகையை உலர்ந்த துணியால் தட்டினால் முதல் பெஞ்சுப் பையன் தும்முவான். ஈரத்துணியால் துடைத்தால் சும்மா இருப்பான். இருபது வருஷமாக இதைப் பார்த்து வருகிறேன். படகிலும் கடைசி மெருகுத் தேய்ப்பைக் கையால், வாட்டர் பேப்பரும் நல்ல தண்ணீரும் கொண்டு செய்யலாம். ஆனால் மேட் ஒட்டுமுன் அந்த இடம் நன்றாக உலர வேண்டும். ஈரத்தின் மேல் ரெசின் பிடிக்காது. மின்சார கிரைண்டர் ஓடும் இடத்தில் தண்ணீரைக் கொட்டுவதோ உயிரோடு விளையாடுவதாகும். சரிவுத் தேய்ப்புக்கு கிரைண்டர் இல்லாமல் முடியாதென்றால், முதலில் கெட்ட பாகத்தை ரம்பத்தால் அறுத்து எடுத்துவிட்டால் தேய்க்கும் வேலை குறையும். பிறகு கிரைண்டருக்கு உறை மாட்டித் தூசி உறிஞ்சும் இயந்திரத்தின் குழாயை அதில் பொருத்த வேண்டும். அந்த இயந்திரத்தில் ஹெப்பா வடிகட்டி இருப்பது அவசியம். இல்லாவிட்டால் முன்னே உறிஞ்சிய நுண்தூளைப் பின்னே ஊதிவிடும். தனியாக வாங்கச் செலவாகும். நாலைந்து படகுக்காரர்கள் சேர்ந்து ஒன்று வாங்கலாம். வலையைப் பங்கு போட்டு வாங்குகிறவர்களுக்கு இது புதிதல்ல.

மூக்கில் துண்டைக் கட்டிக்கொள்வது மனத்துக்குத் தைரியமே தவிர மூச்சுக்குக் காவலன்று. என்95 முகமூடி முகத்தோடு ஒட்டியிருக்க வேண்டும். தாடி இருந்தால் இடுக்கு வழியே தூள் நுழையும். ரெசினின் நெடியை அது தடுக்காது. அதற்குக் கரி நிரப்பிய வடிகட்டியுள்ள முகமூடி வேண்டும். கண்ணுக்கு மூடிய கண்ணாடி வேறு. படகின் அடியில் தார்ப்பாய் விரித்து, விழுந்ததை ஈரமாக்கி வாரிச் சாக்கில் கட்டிக் குப்பை வண்டியில் சேர்த்துவிடலாம். மணலில் புதைப்பதும் கொளுத்துவதும் கூடாது.

வேலை முடிந்து போட்டிருந்த சட்டையோடு குழந்தையைத் தூக்குகிறார்களே, அதைச் சொல்ல வேண்டும். சட்டையை வாசலில் உதறவும் கூடாது. காற்றுக் குழாயால் ஊதவும் கூடாது. வெளியிலேயே கழற்றித் தனி வாளித் தண்ணீரில் ஊறப் போட வேண்டும். அதை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைத்தால், மறுநாள் குழந்தையின் பாவாடையிலும் அந்த இழை ஏறி அரிக்கும். குளிப்பதற்கு முன் பச்சைத் தண்ணீரில் கை கால்களைக் கழுவிக்கொள்ளலாம். அரிக்கிற இடத்தைத் தேய்த்தால் இழை இன்னும் உள்ளே இறங்கும்.